பறக்காத நாயகர்கள்: கடலூர், புதுவைப் பக்கம் காமிக்ஸ் வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

காமிக்ஸ் வாசிக்கலாமென்று இருக்கிறேன், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களில் பலர் சினிமா வழியாக வருகிறவர்கள். ஸ்பைடர்மேனையும் பேட்மேனையும் திரையில் பார்த்துவிட்டு, அவர்களுடைய புத்தகம் வேண்டும் என்பார்கள். தாராளமாக வாசியுங்கள். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. பேட்மேன் 1939-ல் பிறந்தவர். அந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே நுழைந்தாலும் நடுவில்தான் நுழைவீர்கள். செத்தவர் இரண்டு வருடத்தில் எழுந்து வந்துவிடுவார். அழுத கண்ணீர் வீண்.

இந்தக் கட்டுரை இன்னொரு வரிசையைப் பற்றியது. கௌபாய், துப்பறிவாளர், கப்பல்காரர், போருக்குப் போக மனசில்லாத சிப்பாய், ஈரானில் வளர்ந்த ஒரு பெண், தண்ணீர் மறுக்கப்பட்ட ஒரு சிறுவன். அடிபட்டால் வலிக்கும், சில நேரம் தோற்றும் போவார்கள். இவர்களில் பலருடைய கதைகள் முப்பது நாற்பது வருடம் கழித்தும் அலமாரியில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. முடிவு தெரிந்த பிறகும் இன்னொரு தடவை எடுக்கத் தோன்றுகிறதா? நான் ஒரு காமிக்ஸை அளப்பது இதை வைத்துத்தான். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அந்த இரண்டாவது வாசிப்பை மனதில் வைத்துச் சொன்னவை.

முதலில், கொஞ்சம் பின்கதை

தமிழில் காமிக்ஸ் என்றால் சிவகாசி. 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த ஆள் 1962-ல் வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில் அறிமுகமானவர். ஆரம்பத்தில் அவர் நல்லவரே கிடையாது. சக்தி கிடைத்ததும் திருடப் போனவர். ஆக, தமிழ் காமிக்ஸின் பிள்ளையார் சுழியே பாதி சூப்பர் ஹீரோ, பாதி கேடி. ஆனால் 1984-ல் வந்த லயன் காமிக்ஸ் முதல் இதழில் நாயகி மாடஸ்தி. மந்திர சக்தி ஏதும் இல்லாதவர். அப்புறம் டெக்ஸ் வில்லர், லக்கி லூக், கேப்டன் டைகர், கேப்டன் பிரின்ஸ், ரிப் கெர்பி, சிக் பில் என்று வந்தவர்கள் யாருமே பறக்கவில்லை. தமிழ் வாசகர்கள் வருடக்கணக்கில் சந்தா கட்டி வாங்குவது பெரும்பாலும் இவர்களைத்தான்.

அமெரிக்காவில் காமிக்ஸ் என்றாலே சூப்பர் ஹீரோ என்று ஆனதற்கும் ஒரு காரணம் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் அங்கே குற்றக்கதை, பேய்க்கதை, காதல்கதை, போர்க்கதை எல்லாம் சக்கைப்போடு போட்டன. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று கூச்சல் எழுந்து, செனட் விசாரணை வரை போய், 1954-ல் பதிப்பாளர்களே ஒரு கட்டுப்பாட்டு விதிமுறையைப் போட்டுக்கொண்டார்கள். குற்றமும் பேயும் படுத்துவிட்டன. அந்த விதிகளுக்குள் தொல்லையில்லாமல் ஓடக்கூடியவர்கள் ஜட்டியை வெளியே போட்டவர்கள். பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலிப் பக்கம் பல வகைக் கதைகளும் சேர்ந்தே வளர்ந்தன. நம் சிவகாசிக்காரர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கதைகளை வாங்கியது நமக்கு அதிர்ஷ்டம்.

உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த கதையிலிருந்து தொடங்குங்கள்

"சிறந்த பத்து" பட்டியல்களை ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் எதை ரசிப்பவர் என்று பாருங்கள்.

சிரிக்க வேண்டுமென்றால் லக்கி லூக். 1946-ல் மோரிஸ் என்ற பெல்ஜியக் கலைஞர் உருவாக்கியவர். சில ஆண்டுகளுக்குப் பின் கோசினி கதை எழுதத் தொடங்கியதும் நகைச்சுவை வேறு உயரத்துக்குப் போனது. தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிற ஆள், ஆனால் யாரையும் கொல்லமாட்டார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு தகவல்: 1983-லிருந்து அவர் வாயில் சிகரெட் கிடையாது, புல் துரும்புதான். சிக் பில் வரிசையும் நல்ல தொடக்கம். ஷெரீஃபும் அவருடைய உதவியாளரும் அடித்துக்கொள்ளும் பக்கங்களை வாய்விட்டு வாசித்துக் காட்டினால் எட்டு வயதுப் பிள்ளை உங்களை அடுத்த வேலைக்கு விடாது.

மர்மத் தொடர் பார்த்து விடிய விடிய விழித்திருப்பவரா? இரத்தப் படலம். நினைவை இழந்த ஒருவர் கடற்கரையில் குண்டடி பட்டு ஒதுங்குகிறார். கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் பதின்மூன்று என்று ரோமன் எண்ணில் பச்சை குத்தியிருக்கிறது. தான் யார் என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைய, மூலத்தில் 1984-ல் தொடங்கியது. ஒரு எச்சரிக்கை: இது பல ஆல்பம், அதாவது பல தனிப் புத்தகங்கள், நீளும் ஒரே கதை. முதல் பாகத்தை மட்டும் வாங்கிவிட்டு உட்காராதீர்கள், தூக்கம் கெடும்.

சாகசத்தோடு கொஞ்சம் கசப்பும் இருந்தால் பரவாயில்லை என்பவருக்குக் கேப்டன் டைகர். பிரெஞ்சில் ப்ளூபெர்ரி என்ற பெயரில் 1963-ல் வந்தவர். முதலில் பெல்மாண்டோ என்ற நடிகரின் முகச்சாயலில் வரைந்தார்கள்; போகப் போக மூக்கு உடைந்து, தாடி வளர்ந்து, அழுக்கேறி அவருக்கே அவருக்கான முகம் வந்துவிட்டது. தமிழில் மின்னும் மரணம் என்று தொகுத்து வந்த நீண்ட கதையில் அவர் தங்கத்தைத் தேடிப் போய்ப் பழி சுமந்து, பதவி பறிபோய், சிறைக்குப் போய், பெயரை மீட்பதற்குள் பாதி ஆளாகிவிடுகிறார். வரைந்த ஜான் ஜிரோவின் கையும் கூடவே மாறுவதைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், தமிழில் ஒரே ஒரு கௌபாய் கதைதான் வாங்குவேன் என்பவர் வாங்க வேண்டியது இதைத்தான். டெக்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். டெக்ஸ் 1948-லிருந்து இத்தாலியில் ஓடுகிறார், விற்பனையிலும் அவருக்குக் குறைவில்லை. ஆனால் அவர் தோற்கமாட்டார் என்று முதல் பக்கத்திலேயே தெரியும்.

சிறுகதை, நாவல், தன்வரலாறு என்று வாசிப்பவர்கள் நேராக கிராஃபிக் நாவலுக்கு, அதாவது படங்களால் சொல்லும் நாவலுக்குப் போகலாம். புதுமைப்பித்தன் பிறந்த திருப்பாதிரிப்புலியூரிலும் ஜெயகாந்தன் பிறந்த மஞ்சக்குப்பத்திலும் அப்படிப்பட்ட வாசகர்களுக்குப் பஞ்சம் இருக்காது. அவர்களில் சிலர் "பொம்மைப் புத்தகமா?" என்று முகத்தைச் சுளிப்பதும் உண்டு. அவர்கள் கையில் ஆர்ட் ஸ்பீகல்மேனின் மாஸ் (Maus) நூலைக் கொடுங்கள். நாஜி முகாமில் தப்பிய அப்பாவிடம் மகன் கேட்டுக் கேட்டு வரைந்த கதை. யூதர்கள் எலிகள், நாஜிகள் பூனைகள். 1992-ல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. அதில் வரும் அப்பா தியாகச் சுடர் ஒன்றும் இல்லை. கஞ்சர், நச்சரிப்பவர், கறுப்பினத்தவர் மீது வெறுப்பும் உண்டு. மகன் அதை மறைக்காமல் வரைந்திருக்கிறார். ஈரானில் வளர்ந்த மர்ஜானே சத்ரபி தன் கதையைச் சொல்லும் பெர்செபொலிஸ், ஹிரோஷிமாவில் ஆறு வயதில் குண்டுவீச்சிலிருந்து பிழைத்த கெய்ஜி நகசாவாவின் பேர்ஃபுட் ஜென் இரண்டும் அடுத்தடுத்து எடுக்கலாம். ஜென் மட்டும் பிள்ளைகள் கையில் யோசித்துக் கொடுங்கள். குண்டு விழுந்த பிறகான பக்கங்கள் பெரியவர்களையே உலுக்கும்.

நம் நாட்டிலிருந்து ஒன்று: அம்பேத்கர் வாழ்க்கையைச் சொல்லும் பீமாயணம், 2011-ல் வந்தது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியர்கள். கட்டம் கட்டமாகக் கதையை அடைக்க இருவருக்கும் விருப்பமில்லை. பக்கம் முழுக்க மரமும் மீனும் மயிலுமாகக் கதை படர்கிறது. பேச்சுக் குமிழிகளைக் கவனியுங்கள். பரிவாகப் பேசுகிறவரின் குமிழி பறவை வடிவம். விஷமாகப் பேசுகிறவரின் குமிழிக்குத் தேள் கொடுக்கு. தண்ணீர் கேட்ட சிறுவன் அம்பேத்கருக்குக் கிடைத்த பதில் எந்தக் குமிழியில் வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கே கிடைக்கும்

பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய காலம் போய்விட்டது. லயன், முத்து இதழ்களை இப்போது சிவகாசியிலிருந்து நேரடியாக வரவழைப்பதுதான் சுலபம். ஆண்டுச் சந்தா கட்டினால் கூரியரில் வீட்டுக்கே வரும். புதியவர்கள் உடனே சந்தாவில் இறங்க வேண்டாம். இரண்டு மூன்று தனி இதழ் வாங்கி, எந்த நாயகர் ஒத்துவருகிறார் என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஆனால் பிடித்தது தெரிந்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். அச்சிடுவது குறைவான பிரதிகள்தான். தீர்ந்தால் மறுபதிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் நெய்வேலி புத்தகக் கண்காட்சியும், மாவட்டம்தோறும் இப்போது நடக்கும் புத்தகத் திருவிழாவும் இருக்கின்றன. காமிக்ஸ் எல்லா வருடமும் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கிடைத்தால் லாபம்.

புதுவைக்காரர்களுக்கு வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. சுய்ப்ரேன் வீதியில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையம் 1889-லிருந்து இயங்குகிறது, நூலகமும் உண்டு. பிரெஞ்சு மொழியில் காமிக்ஸ் ஆல்பம் என்பது பெரிய அளவு, கெட்டி அட்டை, பெரும்பாலும் 48 பக்கம். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் ஒரு தடவையாவது கையில் வைத்துப் பாருங்கள். தமிழில் நாம் சிறிய அளவில் பார்த்த அதே பக்கம் அங்கே எவ்வளவு மூச்சுவிடுகிறது என்று தெரியும். பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறவர்களுக்கு இது பாடப்புத்தகத்தைவிட நல்ல துணை, ஏனென்றால் புரியாத சொல்லுக்குப் பக்கத்திலேயே படம் இருக்கிறது. உறுப்பினர் விதிகளை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போகும்போது குழந்தைகள் பகுதியிலும் கேட்டுப் பாருங்கள். கடலூரிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். காலையில் பஸ் ஏறினால் இரண்டு வேலையையும் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

பழைய இதழ் வேண்டுமென்றால் காந்தி வீதி சண்டே மார்க்கெட். பழைய புத்தகக் குவியலைப் பொறுமையாகக் கிளற வேண்டும். வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, கடைசிப் பக்கம் இருக்கிறதா. பழைய இதழ்களில் அட்டையோடு சேர்ந்து முதலில் போவது அதுதான், துப்பறியும் கதையில் அது போனால் மீதி எல்லாம் வெறும் காகிதம். இரண்டு, நடுப்பக்கம் பின்னிலிருந்து கழன்றிருக்கிறதா. மூன்று, மாயாவி என்று அட்டையில் இருந்தால் எந்த மாயாவி என்று பாருங்கள். முத்து காமிக்ஸில் அவர் இரும்புக்கைக்காரர். 1984-ல் தொடங்கிய ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் காட்டில் முகமூடியோடு குதிரையில் போகிறவர், ஆங்கிலத்தில் ஃபாண்டம். வீட்டுக்கு வந்து பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

பழைய இதழ்களின் ஸ்கேன் பிடிஎஃப்களும் சுற்றுகின்றன. உரிமை விஷயம் ஒருபுறம் இருக்கட்டும். போனில் வாசித்தால் ஒரு கட்டம், அடுத்த கட்டம் என்று விரலால் தள்ளிக்கொண்டே போவீர்கள். பக்கத்தை முழுசாகப் பார்க்கவே மாட்டீர்கள்.

எப்படி வாசிப்பது

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். குமிழியில் இருக்கும் எழுத்தை மட்டும் வாசித்துவிட்டு ஓடுவார்கள். 48 பக்கத்தை இருபது நிமிடத்தில் முடித்து, இதற்கா இவ்வளவு காசு என்பார்கள்.

இப்படிச் செய்யுங்கள். பக்கத்தைத் திருப்பியதும் எதையும் வாசிக்காமல் முழுப் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். எந்தக் கட்டம் பெரியது, எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம். அப்புறம் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வாசியுங்கள். (ஜப்பானிய மங்கா என்றால் வலமிருந்து இடம், பேர்ஃபுட் ஜென் ஆங்கிலப் பதிப்பை நமக்கு வசதியாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.) வசனமே இல்லாத கட்டம் வந்தால் அங்கே நில்லுங்கள். கலைஞர் அங்கே எதையோ உங்களிடம் விட்டிருக்கிறார். இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியிலும் கதை நடக்கிறது: முதல் கட்டத்தில் ஓங்கிய கை, அடுத்ததில் தரையில் கிடக்கும் ஆள், அடி விழுந்த கணத்தை வரைந்தது உங்கள் தலைக்குள்.

பயிற்சிக்கு ஒரு புத்தகம் சொல்கிறேன். டின்டின் திபெத்துக்குப் போகும் ஆல்பம், 1960-ல் புத்தகமாக வந்தது. ஆங்கிலத்தில் சுலபமாகக் கிடைக்கும். இதில் வில்லனே கிடையாது. விமான விபத்தில் சிக்கிய நண்பன் சாங் இறந்துவிட்டான் என்று எல்லோரும் சொல்ல, உயிரோடு இருக்கிறான் என்று டின்டின் பிடிவாதமாகக் கிளம்புகிறார். அவ்வளவுதான் கதை. பக்கம் பக்கமாகப் பனி, வெள்ளை.

அதில் ஒரு இடம். டின்டினின் நண்பர் கேப்டன் ஹாடக் சறுக்கி மலைச்சரிவில் கயிற்றில் தொங்குகிறார், மறுமுனையில் டின்டின். இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. கயிற்றை அறுத்துவிடு, ஒருவராவது பிழைப்போம் என்கிறார் ஹாடக். டின்டின் மறுக்கிறார். சரி, நானே அறுக்கிறேன் என்று குளிரில் விறைத்த விரல்களோடு பேனாக்கத்தியை எடுக்கிறார். அது கைநழுவி விழுந்துவிடுகிறது. எப்போதும் குடித்துவிட்டுக் கத்திக்கொண்டே இருக்கிற, பாதி வழியில் திரும்பிப் போகிறேன் என்று நூறு தடவை முரண்டு பிடித்த ஆள் அவர். முதல் வாசிப்பில் என்ன ஆகுமோ என்ற பதற்றத்தில் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவோம். இரண்டாவது தடவை வாசிக்கும்போதுதான் அந்தச் சின்னக் கட்டங்களில் ஹாடக்கின் முகத்தைப் பார்ப்பீர்கள். இதே இடத்தில் பறக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் காட்சியே கிடையாது.

ஒரு புத்தகத்தை முடித்ததும் இரண்டு வாரம் கழித்து வசனத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். கதை புரிந்தால் நல்ல கலைஞர். ஒன்றும் புரியாமல் குமிழிகள்தான் எல்லாவற்றையும் சுமந்தன என்று தெரிந்தால், அந்தப் பிரதியை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

உப்புக்காற்றில் காப்பாற்றுவது

இந்தப் பகுதி கடற்கரை ஊர்க்காரர்களுக்கே உரியது, ஆகவே கொஞ்சம் நீளும்.

நம் ஊரில் காமிக்ஸின் முதல் எதிரி பின். சாணித்தாளில் அச்சிட்டு நடுவில் இரண்டு பின் அடித்த பழைய இதழ்கள் சில வருடத்தில் பின்னைச் சுற்றிப் பழுப்பு வட்டம் கட்டும். துரு காகிதத்தைத் தின்று, ஒருநாள் நடுப்பக்கம் தானாகக் கையோடு வரும். வட்டம் தெரிய ஆரம்பித்ததுமே பின்னை எடுத்துவிடுங்கள். புத்தகத்தை நடுவில் விரித்து மேஜையில் வைத்து, மழுங்கிய கத்தி முனையால் பின்னின் மடிந்த கால்களை நிமிர்த்தி, மறுபக்கத்திலிருந்து மெல்ல உருவுங்கள். அதே ஓட்டைகளில் வெள்ளைப் பருத்தி நூல் கோத்து முடிச்சுப் போடுங்கள். பத்து நிமிட வேலை.

கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். மஞ்சளாகி, பிசின் கசிந்து, எதிர்ப்பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மைதாப் பசையும் வேண்டாம், பூச்சிக்கு அது விருந்து. ராமபாணப் பூச்சிக்கு வசம்பு, காய்ந்த வேப்பிலை இரண்டையும் துணியில் முடிந்து அலமாரியில் வைக்கலாம், காகிதத்தில் படாமல். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரியை மூடியே வைக்காமல் வெயில் வரும் நாளில் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள். புத்தகத்தின் மேல் நேர் வெயில் பட வேண்டாம். கீழ்த்தட்டில் காமிக்ஸ் வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்து பைண்டிங் செய்வது நம் பக்கத்துப் பழக்கம். நல்ல பழக்கம்தான், ஒரு நிபந்தனையோடு. பைண்டிங் கடையில் கொடுக்கும்போதே "ஓரம் வெட்டாதீங்க" என்று சொல்லி, முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியும் கொடுங்கள். பாடநூல் பழக்கத்தில் மூன்று பக்கமும் மிஷினில் வெட்டிவிடுவார்கள். குமிழிகளின் கடைசி எழுத்து போய்விடும்.

இரவல்

கேட்பார்கள். கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். நமக்கும் யாரோ கொடுத்துத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஒரு நோட்டில் பெயர், தேதி எழுதிக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள். தனி இதழ் தொலைந்தாலும் தேடிப் பிடித்துவிடலாம். இரத்தப் படலம் மாதிரி நீளும் கதையை உதிரிப் பாகங்களாக வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம்: நடுவில் ஒன்று போனால் தனியாக வாங்குவது பெரும்பாடு. அவர்கள் முதல் பாகத்தை மட்டும் கொடுத்து அனுப்புங்கள். அது திரும்பி வந்தால்தான் இரண்டாம் பாகம் அலமாரியை விட்டு இறங்கும்.